கத்தி சேர்க்க வரும் தம்பிகளுக்கு

மும்பை செம்பூரின் திலக் நகரில் ஒரு பையன் "கத்தி சேர்க்கிறேன்" என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நிழலுலக தாதா சோட்டா ராஜன்தான். சஹகார் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றுத் தொடங்கியவர், இந்தப் பேட்டைக்காரர். பெரியவர்களின் பயத்தில் தப்பில்லை. அதைப் போக்குவது உங்கள் பொறுப்பு.

1. முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மும்பையில் இன்னொன்றும் இருக்கிறது. மகாராஷ்டிர போலீஸ் சட்டம் 37ஆம் பிரிவின்கீழ் கமிஷனர் அடிக்கடி தடை உத்தரவு போடுவார். அது நடப்பில் இருக்கும்போது தெருவில் கத்தியோடு நின்றால் யாரும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க மாட்டார்கள். நண்பனுக்குக் காட்ட வேண்டுமா? நண்பனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

2. "லிமிடெட்" என்ற சொல்லுக்கு உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். அமெரிக்காவில் கோல்டன் என்ற ஊரிலிருக்கும் ஸ்பைடர்கோ, நிறுத்திவிட்ட மாடலையோ வழக்கமில்லாத எஃகையோ எடுத்துக் கொஞ்சம் மட்டும் செய்து விடும். "ஸ்பிரின்ட் ரன்" என்பார்கள். சட்டென்று தீரும், பிறகு அதே கத்தி கூடுதல் விலையோடு மறுபடி தலைகாட்டும். இது கம்பெனி உண்டாக்கிய தட்டுப்பாடு. கம்பெனி மனசு வைத்தால் வேறு நிறப் பிடியோடு இன்னொரு தடவை வரும், உங்கள் கத்தியின் விலை இறங்கும்.

ஆர்லாண்டோவின் ரேண்டல் பட்டறை வேறு கதை. 1930களில் தொடங்கியது, கைவேலை, ஆர்டர் கொடுத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே பட்டியல் விலைக்கு மேல் கேட்பவர், உங்களுக்கு மிச்சமாகும் காத்திருப்புக்குக் காசு கேட்கிறார். அது ஓரளவு நியாயம். கலிஃபோர்னியாவில் கத்தி செய்த பாப் லவ்லெஸ் 2010இல் காலமானார். அவர் செய்தது இனி ஒன்றுகூட வராது. போலி வருவதும் அந்தப் பெயரில்தான். மூன்றையும் வியாபாரி ஒரே சொல்லில் விற்பார். பிரித்துப் பார்க்க வேண்டியது நீங்கள்.

3. நம் நாட்டில் அந்த மூன்றாவது வகையை நெருங்கிக்கொண்டிருப்பது ராம்பூரி. உத்தரப் பிரதேசத்தில் நவாபுகள் ஆண்ட ராம்பூரின் மடக்குக் கத்தி. இந்தி சினிமா வில்லன்கள் கையில் பேர் வாங்கியது, அந்தப் பேராலேயே கெட்டது. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு மாநில அரசு தடை போட்டது. பட்டறைகள் மூடின, கைத்தொழிலைப் பிள்ளைகள் எடுக்கவில்லை. 2023இல் அதே ஊரில் சுமார் 20 அடி நீளத்தில் கத்திச் சிலை வைத்து, அந்தச் சந்திப்புக்கு "சாக்கு சௌக்" என்று பேரும் வைத்தார்கள். செய்பவர் நாலு பேர் மிஞ்சின பிறகு சிலை வைப்பது நம் நாட்டுப் பழக்கம்.

மும்பை சோர் பஜாரில் "அசல் ராம்பூரி" என்று நீட்டுவதெல்லாம் ராம்பூரில் செய்ததல்ல. வாங்குமுன் மெதுவாகத் திறந்து பாருங்கள். பல் வைத்த பழைய கத்தியில் அலகு படிப்படியாகக் "கட்... கட்..." என்று ஏறும். முழுக்கத் திறந்த பின் பக்கவாட்டில் ஆடக் கூடாது. பித்தளைப் பிடியில் ஆணித் தலை விரலுக்குத் தட்டக் கூடாது. புதிதாக முலாம் பூசிப் பளபளத்தால் விட்டுவிடுங்கள்.

4. திருப்பாச்சேத்தி அரிவாள் சேர்க்கலாமா? சேர்க்கலாம், லாபம் பார்க்க முடியாது. சொல்லிச் செய்யும் பொருள். வாங்கியவர் வெட்டித் தேய்ப்பார், இல்லையேல் கருப்பசாமிக்கு நேர்ந்து நிறுத்துவார். சாமிக்குப் போனது கடைக்குத் திரும்புமா?

5. செம்பூர் மழைக்கு எஃகு தாங்காது. தோல் உறைக்குள்ளேயே போட்டு வைத்தால், பதனிட்ட ரசாயனமும் தோல் இழுக்கும் ஈரமும் சேர்ந்து அலகைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும். உறை தனி, கத்தி தனி. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும். பழைய செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அது சிதையும்போது கிளம்பும் வாயு பக்கத்துக் கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும்.

6. சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். கூர் வரும், விலை போகும்.

7. பெட்டி, பில், கம்பெனிச் சீட்டு எதையும் எறியாதீர்கள். விற்கும்போது பாதிப் பேச்சு அவற்றைப் பற்றித்தான். வாங்க வருபவரிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள். சேகரிப்பவர் எந்த எஃகு, எந்த வருஷம், பிடி மாற்றினதா என்று குடைவார். எதுவும் கேட்காமல், "சட்டைக்குள்ளே தெரியாம நிக்குமா?" என்று மட்டும் கேட்கிறவன் இரட்டிப்பு விலை கொடுத்தாலும் கத்தியைக் கொடுக்காதீர்கள்.