வஞ்சினமும் செருப்பும்: ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ காட்டும் போர் விரும்பா வீரன்

தொல்காப்பியர் வஞ்சினத்தைக் காஞ்சித்திணையில் வைத்தார். புறநானூறு 72ஆம் பாடலில், இளையன் என இகழ்ந்த பகைவரை வெல்லாவிடில் குடிகள் தன்னைப் பழிதூற்றுக, புலவர் தன் நாட்டைப் பாடாதொழிக என்கிறான் பாண்டியன் நெடுஞ்செழியன். திலீஷ் போத்தன் இயக்கிய மலையாளப் படத்தில் (2016), இடுக்கியில் நிழற்பட நிலையம் நடத்தும் மகேஷ், ஊரார் முன் அடிபட்டபின், திருப்பி அடிக்கும்வரை செருப்பணிவதில்லை எனச் சூளுரைக்கிறான். இருவரையும் தூண்டுவது இகழ்ச்சியே; வேறுபடுவது இழப்பின் காலம். வேந்தனுக்கு அது தோற்றால் மட்டுமே நேரும். மகேஷுக்கோ சூளுரைத்த அன்றே தொடங்குகிறது. எதிரி துபாய் சென்றுவிட, வெறுங்கால் நோன்பு நீள்கிறது. இறுதிச் சண்டையில் அவன் வென்றும் பகை வளரவில்லை. எதிரியின் தங்கையை மணக்க விரும்புவதை அவனிடமே கூறுகிறான். ஆகவே, இப்படத்தில் வஞ்சினத்தின் இலக்கு பகைவனின் அழிவன்று, மானத்தின் மீட்சியே எனலாம்.