காற்று-நீரும் மணல் குறியும்

கேள்வி: வீடு கட்ட மனை வாங்கியிருக்கிறோம். வாஸ்து பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்கிறார் மாமனார். என் மகளோ, சீனர்களின் ஃபெங் சுயி, அரேபியர்களின் மணல் குறி, சைபீரியாவின் ஷாமன்கள், நம் வாஸ்து எல்லாம் ஆதியில் ஒன்றாக இருந்து பிரிந்தவை என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறாள். உண்மையா? அப்படியென்றால் எதைப் பின்பற்றினாலும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை. மீதி, ஒரு பெயரால் வந்த குழப்பம். முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

மணலில் புள்ளி வைத்துக் குறி பார்ப்பதை அரபியில் 'இல்ம் அல்-ரம்ல்', அதாவது மணல் அறிவு, என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்த ஹ்யூகோ என்ற மொழிபெயர்ப்பாளர் இதை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது 'ஜியோமான்சியா' என்ற பெயரைச் சூட்டினார். மண்ணைக் கொண்டு குறி பார்ப்பது என்று பொருள். பல நூற்றாண்டுகள் கழித்துச் சீனாவுக்குப் போன ஐரோப்பியர்கள், அங்கே மலையையும் ஆற்றையும் பார்த்து இடம் குறிப்பவர்களைக் கண்டு, கையிலிருந்த அதே பெயரை அதற்கும் வைத்துவிட்டார்கள். ஒன்று புள்ளிகளை எண்ணுவது, மற்றது நிலத்தின் அமைப்பைப் பார்ப்பது. பெயர் ஒன்றானதால் உறவு வந்துவிடாது.

ஆனால் மணல் குறிக்கு உண்மையாகவே ஒரு பெரிய குடும்பம் உண்டு. குறி பார்ப்பவர் எண்ணாமல் மளமளவென்று ஒரு வரிசை புள்ளி வைப்பார். பிறகு இரண்டிரண்டாகக் கழிப்பார். கடைசியில் ஒன்று மிஞ்சும் அல்லது இரண்டு மிஞ்சும். இப்படி நான்கு வரிசை சேர்ந்தால் ஒரு உரு. ஒன்றா இரண்டா என்பது நான்கு முறை வருவதால் மொத்தம் 16 உருக்கள்தாம் கிடைக்கும். இந்தப் பதினாறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். மடகாஸ்கரில் 'சிகிடி' என்ற பெயரில் விதைகளைப் பரப்பிப் பார்க்கிறார்கள், அங்கும் 16. நைஜீரியாவின் யொரூபா மக்களின் 'இஃபா'வில், குறி சொல்லும் பாபலாவோ பனைக்கொட்டைகளைக் கையில் அள்ளி, மிஞ்சுவதைப் பொறுத்து மரத்தட்டின் பொடியில் கோடு இழுக்கிறார். அடிப்படை உருக்கள் 16, அவற்றை இணைத்தால் 256. ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்களை அவர் மனப்பாடமாக வைத்திருப்பார். இஃபாவை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. நம் நாட்டில் பாய்ச்சிகை உருட்டிப் பார்க்கும் 'ரமல்' ஆரூடமும் இந்த வழியில் வந்ததுதான்; பெயரிலேயே அரபு மணல் இருக்கிறது. இவற்றுக்கிடையே உள்ளதை இரத்த உறவு என்றே சொல்வேன். வணிகர்களோடும் மார்க்க அறிஞர்களோடும் ஊர் ஊராக நடந்து பரவிய உறவு அது.

ஃபெங் சுயியின் கதை வேறு. ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். இன்று கடைகளில் விற்கும் மூங்கில் செடியையும் சிரிக்கும் பொம்மையையும் மறந்துவிடுங்கள். அதன் பழைய நூல்கள் பேசுவது கல்லறைகளைப் பற்றி. குவோ பூ (276–324) என்பவர் பெயரால் வழங்கும் 'அடக்க நூல்' இறந்தவரை எங்கே புதைப்பது என்பதற்கான நூல். நிலத்தில் ஓடும் 'ச்சீ' என்ற உயிர்மூச்சைக் காற்று கலைத்துவிடும், நீர் தடுத்து நிறுத்தும் என்பது அதன் அடிப்படை. மூதாதையரின் எலும்பு நல்ல மண்ணில் அமைதியாக இருந்தால் பேரன் பேத்திகள் தழைப்பார்கள் என்று நம்பினார்கள். அதற்கும் வெகு காலம் முன்பு, 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரசர்கள் ஆமை ஓட்டையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் சுட்டு, விழுந்த வெடிப்பைப் பார்த்து மழை வருமா, போருக்குப் போகலாமா, ஊர் அமைக்கலாமா என்று மூதாதையரைக் கேட்டார்கள். இடம் குறிப்பவர்கள் கையில் இருந்த காந்த ஊசியையும் மறக்கக் கூடாது. அது சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கே விலகும் என்று ஷென் குவோ 1088 வாக்கில் எழுதினார். கப்பலோட்டிகள் அதைப் பயன்படுத்தியதைச் சொல்லும் சீன நூல் 1119இல்தான் வருகிறது.

ஷாமன்? அது சைபீரியாவின் எவெங்கி மக்களுடைய சொல். பறையை அடித்து, ஆவேசம் வந்து, ஆவிகளின் உலகுக்குப் போய் வருபவர். பூரியாத் மக்களிடையே புதிதாகப் பொறுப்பேற்பவர், கூடாரத்தின் புகைத் துளை வழியே வெளியே நீட்டி நிற்கும் பூர்ச்ச மரத்தில் ஏறுவார். கூடாரமே அவருக்கு உலகம், நடுமரம் வானத்துக்கு ஏணி. மங்கோலியக் கூடாரத்தின் வாசல் இன்றும் தெற்கு பார்க்கிறது. வடபுறம் மரியாதைக்குரிய இடம். கொரியாவில் இடம் குறிப்பவரும், தெய்வம் ஏறி ஆடும் முதாங்கும் இன்றும் தனித்தனி ஆட்கள். முன்னவர் நிலத்தை நூல்வழி வாசிக்கிறார். பின்னவர் அந்த நிலத்தில் இருப்பவர்களோடு பேசுகிறார். பொது வேர் என்று ஒன்று உண்டென்றால் அதை இங்கேதான் காண்கிறேன்: நிலம் வெறும் மண் அல்ல, அங்கே ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள், கேட்காமல் குடியேறக் கூடாது என்ற உணர்வு. அது யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்து வந்ததல்ல.

மடகாஸ்கரின் மெரினா மக்கள் வீட்டில் வடகிழக்கு மூலை மூதாதையருக்கு உரியது. நம் ஈசானிய மூலை என்று உடனே துள்ளத் தோன்றும். பொறுங்கள். அந்த மூலைக்குரிய மாதப் பெயர் 'அலஹமாடி', மேஷ ராசியின் அரபுப் பெயர்; ஆக, அது வந்த வழி வேறு. மடகாஸ்கர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி உச்சிவெயில் வடக்கிலிருந்து வருகிறது, குளிர்காற்றோ தென்கிழக்கிலிருந்து. அதனால் வாசலை மேற்கே வைத்தார்கள். சீனர்களுக்கு நேர்மாறு: வாடைக்காற்று வடக்கிலிருந்து இறங்கும், ஆகவே முதுகுப்புறம் மலை, தெற்கே வாசல்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. எதைப் பின்பற்றினாலும் ஒன்றல்ல. பெய்ஜிங்கின் குளிருக்கு எழுந்த விதி திருச்சியின் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது. மாமனாரின் மனம் நோக வேண்டாம். பூமி பூஜை செய்யுங்கள், மூத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வடகிழக்கில் கழிவறை வந்துவிட்டதே என்று கட்டிய சுவரை இடிக்காதீர்கள். நெடுநல்வாடையில் அரண்மனை கட்டுகிறவர்கள் கோல் நட்டு, உச்சிப்பொழுதின் நிழலைப் பார்த்துத் திசை குறித்த பிறகுதான் நூல் பிடிக்கிறார்கள். நீங்களும் மகளை அழைத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். ஒரு குச்சியை நட்டு நிழலைப் பாருங்கள். ஆடிக் காற்று எந்தப் பக்கம் நுழைகிறது, ஐப்பசி மழை எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள்.