கண்ணாடியைக் கழற்று, கண்ணு!

மைசூரில் தேவராஜ மொஹல்லா என்ற பகுதி உள்ளது. தேவராஜா மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது. அந்த மார்க்கெட்டில் ஒரு தமிழ் அம்மா பூ விற்கிறார். அவர் மகள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு அமெரிக்காவில் ஆறு வாரப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது.

அங்கே போக விசா வேண்டும். விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழையக் கேட்டுப் பெறும் அனுமதி. ஆசிரியர், மாணவர், ஆய்வாளர் போன்றவர்கள் பரிமாற்றத் திட்டத்தில் போக ஜே-1 விசா உண்டு. இப்படிப் போய்வருவது புதிதல்ல. ஃபுல்பிரைட் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டத்துக்காக இந்தியாவும் அமெரிக்காவும் 1950-லேயே ஒப்பந்தம் செய்துகொண்டன.

மகள் வீட்டுக்கு அருகில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தாள். மூக்குக் கண்ணாடி போட்டபடியே எடுத்தாள். "மெல்லிய ஃபிரேம்தானே, பரவாயில்லை" என்றார் கடைக்காரர். இரவு கணினியில் விண்ணப்பம் நிரப்பினாள். படத்தைச் சேர்க்கும் இடத்தில் விதிகளைப் படித்தாள். திடுக்கிட்டாள்.

"அம்மா, இந்தப் படம் ஆகாது. கண்ணாடி இருக்கக் கூடாதாம்!"

"பாஸ்போர்ட்டில் கண்ணாடியோடுதானே இருக்கிறாய்?"

"அது பழைய படம். பாஸ்போர்ட் செல்லும். விசா படம்தான் புதிதாக வேண்டும்."

அமெரிக்க விசா படத்தில் கண்ணாடி கூடாது என்ற விதி 2016 நவம்பர் 1 முதல் உள்ளது. காரணம் எளிது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். ஃபிரேமின் நிழல் கண்மேல் விழும். கண், மூக்கு, வாய் அமைந்திருக்கும் விதத்தை இயந்திரம் ஒப்பிட்டுத்தான் இவர் அவரே என்று சொல்கிறது. கண் மறைந்தால் இயந்திரம் தடுமாறும். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து கண்ணாடியைக் கழற்றவே முடியாதவர்கள் டாக்டர் கையெழுத்திட்ட சான்று தரவேண்டும். பார்வை மங்கலாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நிறமில்லாத லென்ஸ் படத்தில் தெரியாது. கருவிழியின் நிறத்தை மாற்றும் லென்ஸை அன்று போடாமல் இருப்பதே நல்லது.

மறுநாள் இருவரும் வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மூக்கில் கண்ணாடியின் தடம் மறையட்டும் என்று மகள் முன்கூட்டியே கழற்றிவிட்டாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டே படி ஏறினாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெளிவாகத் தெரியாது.

"அண்ணா, மூக்குத்தியையும் கழற்ற வேண்டுமா?" என்று அம்மா கேட்டார்.

"வேண்டாம் அம்மா. அது முகத்தை மறைக்காது" என்றார் அவர்.

பின்னால் வெள்ளைத் துணி தொங்கியது. மகள் கேமராவைத் தேடிக் கண்ணைச் சுருக்கினாள். படம் கெட்டது. மறுபடியும் சுருக்கினாள்.

அம்மா எழுந்துபோய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றார். "கண்ணு, என் குரல் வரும் பக்கம் பார். கண்ணை நன்றாகத் திற" என்றார். மகள் பார்த்தாள். விளக்கு பளிச்சிட்டது.

படம் 2 அங்குல அகலம், 2 அங்குல உயரம். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர். அம்மா ஸ்கேல் வாங்கி அளந்தார். எண்களைப் படிக்க ஸ்கேலைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

மகள் அதைக் கவனித்தாள். "எத்தனை நாளாக இப்படி?"

"பூக் கட்டக் கண் எதற்கு? விரலுக்கே தெரியும். புத்தகம் படிக்கத்தான் எழுத்து கலங்குகிறது."

"இது வெள்ளெழுத்து அம்மா. நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் வரும். கண்ணைக் காட்டிக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்."

அன்று மாலையே விண்ணப்பம் போனது. நேர்காணல் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். அங்கே மகள் கண்ணாடி போட்டுக்கொண்டே போகலாம். அதற்கு முன் விரல் ரேகை பதியும் மையத்தில் படம் எடுத்தால், அந்த நேரம் மட்டும் கழற்ற வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன், திங்கட்கிழமை, அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.