பாடம் 17: தேடும் பெட்டிக்கு இலக்கணம் தெரியாது

மொண்டெல்லோக் கடற்கரையில் கடலைப் பார்த்தபடி நில்லுங்கோ. இடது பக்கம் கல்லோ மலை. வலது பக்கம் பெல்லெக்ரீனோ மலை. அந்த வலது பக்க மலையில், ஒரு குகைக்குள் சாந்தா ரோசாலியாவின் கோயில் இருக்கு. உங்கட அம்மாவோ மாமியோ ஒருதரமாவது அங்கே நடந்து ஏறியிருப்பா. வேதக்காரரும் போகினம், சைவக்காரரும் போகினம்.

உங்கட இத்தாலியப் பள்ளிக்கூட ஆசிரியை இப்படி ஒரு 'ரிச்செர்கா' தருகிறா என்று வையுங்கோ: "பலெர்மோவில் வாழும் தமிழர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் ஏன் சாந்தா ரோசாலியாவிடம் போகிறார்கள்? கட்டுரைகளைத் தேடி வாசித்து எழுதுக."

முதலில் அம்மாவைக் கேளுங்கோ. அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் அம்மாவுக்குத் தன்னுடைய காரணம்தான் தெரியும். எல்லாருடைய காரணமும் தெரியாது. அடுத்து கூகிளில் தேடுவீங்கள். "பெல்லெக்ரீனோ" என்று மட்டும் தட்டினால் தண்ணீர்ப் போத்தல்கூட வரும்! ஹோட்டல்கள், படங்கள், பஸ் நேரம் எல்லாம் வரும். ஆராய்ச்சி இதழ்களில் வரும் கட்டுரைகள் பல அங்கே முழுதாகக் கிடையாது. அவற்றைப் பணம் கட்டித்தான் வாசிக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக அந்தப் பணத்தை நூலகம் கட்டுகிறது.

நூலகத்தின் இணையப் பக்கத்தில் இரண்டு விதமான தேடல் இருக்கும். ஒன்று பட்டியல். எந்தப் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கு என்று அது சொல்லும். இத்தாலி முழுவதிலுமுள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களுக்குப் பொதுவான பட்டியலின் பெயர் ஓபாக் எஸ்பிஎன். அதை வீட்டிலிருந்தே, சும்மா, யாரும் பார்க்கலாம். ஜுசெப்பே புர்ஜோ என்ற ஆய்வாளர் இத்தாலியில் வாழும் தமிழரைப் பற்றி 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தை இப்படியான பட்டியலில் தேடலாம். மற்றது தரவுத்தளம். அது இதழ்களுக்கு உள்ளே போய், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாக ஒரு பதிவு வைத்திருக்கும்: தலைப்பு, எழுதியவர், இதழின் பெயர், ஆண்டு, பக்கம், சின்னச் சுருக்கம். சில தரவுத்தளங்களுக்கு நூலக அட்டையும் கடவுச்சொல்லும் வேண்டும். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்க் கேளுங்கோ. பலெர்மோவில், கதீட்ரலுக்குக் கிட்ட, கோர்சோ வித்தோரியோ எமனுவேலே தெருவில் சிசிலியின் பெரிய நூலகம் ஒன்று இருக்கு. நூலகர்களுக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். வெட்கப்படாதீங்கோ.

சரி, இனி தேடுவம். பெட்டிக்குள் என்ன எழுதுவது?

"தமிழர்கள் ஏன் சாந்தா ரோசாலியாவிடம் போகிறார்கள்" என்று முழு வசனத்தையும் எழுதினால் பல தரவுத்தளங்கள் திணறும். அவை வசனத்தை விளங்கிக்கொள்வதில்லை. நான் கணினி நிரல் எழுதுகிற ஆள், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்லுறன். ஒவ்வொரு முறை நீங்கள் தேடும்போதும் கணினி எல்லாக் கட்டுரையையும் வாசிப்பதில்லை. முன்கூட்டியே ஒரு பெரிய அட்டவணை செய்து வைத்திருக்கும்: இந்தச் சொல் இந்த இந்தப் பதிவுகளில் இருக்கு, அவ்வளவுதான். நீங்கள் தட்டிய எழுத்தும் அட்டவணையில் உள்ள எழுத்தும் பொருந்தினால் பதிவு வரும். பொருந்தாவிட்டால் வராது. கட்டுரை அங்கேயே இருந்தாலும் வராது!

அதனால் வசனத்தை உடைத்து, முக்கியமான சொற்களை மட்டும் எடுங்கோ. அவைதான் திறவுச்சொற்கள். இங்கே இரண்டு: சாந்தா ரோசாலியா, தமிழர். இத்தாலியக் கட்டுரைகளைத் தேடுவதால் இத்தாலியச் சொல்லைத் தட்ட வேண்டும். "தாமில்" என்று தட்டுவீங்கள். அது போதுமா?

போதாது. ஒரு கட்டுரை நம்மைத் "தாமில்" என்று சொல்லும். இன்னொன்று "ஸ்ரிலங்கேசி" என்று சொல்லும். இலங்கையிலிருந்து வந்த எல்லாரையும் "சிங்கலேசி" என்று சொல்லும் இத்தாலியர் நிறையப் பேர். "நாங்கள் சிங்களவர் இல்லை" என்று உங்கட அப்பா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஆனால் எழுதியவர் அப்பாவைக் கேட்டு எழுதவில்லையே. நம்மைப் பற்றிய கட்டுரை ஒன்று நம்முடையதல்லாத பெயருக்குக் கீழே படுத்திருக்கலாம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எண்டாலும் தேடும்போது அதையும் தட்டத்தான் வேண்டும்.

இதற்குத் தரவுத்தளங்களில் மூன்று ஆங்கிலச் சொற்கள் உதவும்: அண்ட், ஓர், நொட். 'அண்ட்' போட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும், முடிவுகள் குறையும். 'ஓர்' போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், முடிவுகள் கூடும். 'நொட்' போட்டால் அந்தச் சொல் உள்ள பதிவுகளைத் தள்ளிவிடும். கணக்கில் போல அடைப்புக்குறியும் போடலாம். நம்முடைய தேடல் இப்படி இருக்கும்:

"சாந்தா ரோசாலியா" அண்ட் (தாமில் ஓர் ஸ்ரிலங்கேசி ஓர் சிங்கலேசி)

நீங்கள் இதை இத்தாலிய எழுத்தில் தட்டுங்கோ. அண்ட், ஓர் இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டுங்கோ. மேற்கோள் குறி ஏன்? இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காக. இல்லாவிட்டால் ரோசாலியா என்ற பெயருள்ள யாரோ ஒரு ரீச்சரும் வந்து நிற்பா.

இனிக் கேள்வியின் மற்றப் பாதி: எங்கிருந்து வந்தார்கள்? அதற்கு அம்மம்மாவின் ஊரைப் பற்றித் தமிழில் தேட வேண்டும்.

இதில் ஒரு சோகமான விசயம் இருக்கு. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அந்த நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. வேறு பிரதி இல்லாதவை போனது போனதுதான். ஆனால் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பெட்டிகளுக்குள் பழைய இதழ்கள் மிஞ்சி இருந்தன. 2005இல் சிலர் தொண்டாக அப்படியானவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அதன் பெயரே 'நூலகம்'. நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பள்ளிக்கூட மலர்கள் எல்லாம் அங்கே இருக்கு. காசு வேண்டாம்.

பழைய பத்திரிகையின் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றினால், கணினிக்கு அது வெறும் படம். உங்கட பிறந்தநாள் படம் மாதிரி. அதிலுள்ள எழுத்தை அது தானாக வாசிக்காது. யாரோ ஒருவர் இருந்து தலைப்பையும் 'உள்ளடக்கம்' என்ற பகுதியையும் தட்டச்சு செய்திருப்பார். நாம் தேடுவது அந்த ஆளின் உழைப்புக்குள்தான்.

இங்கே தமிழ் கொஞ்சம் விளையாடும். இத்தாலியில் 'ஸ்ரிலங்கேசெ' பன்மையில் 'ஸ்ரிலங்கேசி' ஆகும்; ஒரு எழுத்துத்தான் மாறுகிறது. தமிழிலோ வேற்றுமை உருபு வந்தால் சொல்லே வேறு மாதிரி வரும். யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்தை, யாழ்ப்பாணத்துக்கு. உங்களுக்கு இவை எல்லாம் ஒரே ஊர். பல தேடும் பெட்டிகளுக்கு இவை நான்கு வேறு சொற்கள்.

எல்லாச் சொல்லிலும் பொதுவாக உள்ள முன்பகுதியை எடுத்து, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கோ: யாழ்ப்பாண*. இப்போது நான்கும் வரும். ஆனால் கவனம், சின்னத் துண்டாக வெட்டக் கூடாது. மரங்களைப் பற்றித் தேடி மர* என்று போட்டால் மரம், மரத்தில் வரும். கூடவே மரபும் மரணமும் வரும்! நாடு, நாட்டில் இரண்டுக்குமாக நாட* போட்டால் நாடகம் ஓடி வரும்.

ஊர்ப் பெயர்களும் பல. திருகோணமலையைச் சிலர் திருக்கோணமலை என்று எழுதுவினம், சிலர் திருமலை என்பினம். வல்வெட்டித்துறைக்கு வல்வை என்றொரு சுருக்கப் பெயர். பருத்தித்துறை ஆங்கிலத்தில் பொயின்ற் பெட்ரோ. எந்த எந்தப் பெயர் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு தேட உட்காருங்கோ. இந்த இடத்தில் அவவுக்குத்தான் கூடத் தெரியும்.

முடிவுகள் வந்தால் முதலாவதை உடனே திறக்காதீங்கோ. பதிவை வாசியுங்கோ. யார் எழுதினது? எந்த ஆண்டு? 1985இல் எழுதியவருக்கு இன்றைய பலெர்மோ தெரியாது. பிடித்த கட்டுரையின் தலைப்பு, எழுதியவர், இதழ், ஆண்டு, பக்கம் ஐந்தையும் கொப்பியில் எழுதுங்கோ. ஆசிரியை கட்டாயம் கேட்பா.

புதிய சொற்கள்

தரவுத்தளம் – தேடி எடுக்கக்கூடிய மாதிரி ஒழுங்காகச் சேர்த்து வைத்த தகவல்கள்
பதிவு – ஒரு கட்டுரையைப் பற்றிய விபரக் குறிப்பு
திறவுச்சொல் – தேடுவதற்குத் தட்டும் முக்கியமான சொல்
ஏட்டுச்சுவடி – பனை ஓலையில் எழுதிய பழைய நூல்

பயிற்சி

1. நூலகம், நூலகத்தில், நூலகத்தை, நூலகர். நட்சத்திரக் குறியை எங்கே போட்டால் நான்கும் வரும்?
2. 'வீடு' என்ற சொல்லுக்கு ஐந்து வேற்றுமை உருபுகளைச் சேர்த்து எழுதுங்கோ. எது வரைக்கும் மாறாமல் இருக்கு?
3. உங்கட அம்மம்மா அல்லது அப்பப்பாவின் ஊருக்கு எத்தனை பெயர்கள், எத்தனை எழுத்துமுறைகள்? கேட்டு எழுதுங்கோ.
4. அந்த ஊரின் பள்ளிக்கூட மலர் ஏதாவது 'நூலகம்' தளத்தில் இருக்கா என்று தேடுங்கோ. இருந்தால் உள்ளடக்கத்தை வீட்டில் சத்தமாக வாசித்து, தெரிந்த பெயர் வருகுதா என்று கேளுங்கோ.