அலுப்பு யாருக்கு?

அன்பு மகளுக்கு,

ஆய்வேட்டுக்காகக் கனமூலை ஊரின் தொழிற்சொற்களைச் சேர்க்கிறாய். களப்பில் வலை போடுபவர், உப்பளத்தில் நிற்பவர், தேங்காய் உரிப்பவர் என்று தேடித் தேடிப் போகிறாய். ஒரே சொல்லை நாலு பேரிடம் கேட்டு அட்டையில் எழுதுவது அலுத்துவிட்டது, பட்டியலைப் பாதியாக்கி முன்னுரையை நீட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மகள். பட்டியல் அப்படியே இருக்கட்டும். வெட்டுவதானால் முன்னுரையை வெட்டு.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்து மணியகாரராக இருந்தவர். 1834இல் இலங்கையின் ஊர், ஆறு, மலை, துறைமுகம் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி, சிலோன் கசற்றியர் என்று ஆங்கிலத்தில் வெளியிட்டார். ரயிலும் தந்தியும் இந்நாட்டுக்கு வராத காலம். விவரம் திரட்டுவது, சரிபார்ப்பது, வரிசைப்படுத்துவது, திரும்பப் படியெடுப்பது என்று அந்த வேலை எவ்வளவு சலிப்பூட்டியிருக்கும்! ஆனால் புத்தகத்தைக் கையில் எடுப்பவருக்கு அந்தச் சலிப்பில் துளியும் இல்லை. வேண்டிய ஊரைப் புரட்டுகிறார், படிக்கிறார், மூடி வைக்கிறார். வாசகர் படவேண்டிய அலுப்பை எழுதியவரே பட்டுத் தீர்த்துவிட்டார். 1859இல் புலவர் வரலாறுகளைத் தமிழ் புளூட்டாக் என்று திரட்டித் தந்ததும் அவர்தான். அகராதி வேலையும் இப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நீட்டிய முன்னுரை இதற்கு நேர்மாறு. மொழி என்றால் என்ன, பண்பாடு என்றால் என்ன என்று எழுத எழுத உனக்குச் சுகமாக இருக்கும். அவதிப்படுவது வாசிப்பவர்தான். இந்த அலுப்புக்குத்தான் நீ பயப்பட வேண்டும்.

முன்னுரையை விட்டுவிட்டு உப்பளத்துக்கு இன்னொரு தடவை போ. களப்புத் தண்ணீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் இறுகவைக்கிறார்கள். ஜிப்சம் படிந்த பிறகுதான் உப்பு விளையும். மிஞ்சுகிற தண்ணீரில் மக்னீசியம் சேர்ந்திருக்கும். அதையும் வற்றவிட்டால் உப்பு கசக்கும் என்பதால் வடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பதத்துத் தண்ணீருக்கும் அங்கே வேலை செய்கிறவர்கள் என்ன பேர் சொல்கிறார்கள் என்று தனித்தனியே கேள். எல்லாம் உப்புத்தண்ணிதானே என்று ஒரே அட்டையில் அடைத்துவிடாதே. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நாலையும் எழுது. யார் சொன்னது, எந்த வயது, என்ன தொழில் என்பதை விட்டுவிடாதே. வேறுபாடு தெரிவது அங்கேதான்.

அலுப்பு தலைக்கேறினால் அன்றைக்கு நிறுத்து. அரைத் தூக்கத்தில் எழுதிய அட்டையில் ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடக்கும், பிறகு திருத்த ஆள் கிடையாது.

மாமியிடமும் கேள். கிடுகு பின்னுகிற காலத்துச் சொற்களை அவ இன்னும் மறக்கவில்லை. முதல் ஐம்பது அட்டைகளின் நகலை அனுப்பு, பார்த்துக் குறித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மாமா