நேபாள இனக்குழுக்களும் பெயரிடலும்: குடிக்கணக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

திறவுச்சொற்கள்: நேபாளம், இனக்குழு, குடிக்கணக்கு, ஜனஜாதி, குரூக் மொழி, தாய்மொழி இழப்பு

முன்னுரை

நேபாளத்தின் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 125 சாதி, இனக்குழுக்களைப் பதிவுசெய்தது. 2021இல் அவ்வெண் 142 ஆயிற்று. இந்தப் பத்தாண்டுகளில் பதினேழு மக்களினங்கள் புதிதாகத் தோன்றிவிடவில்லை. முன்னர் வேறொரு பெயரின்கீழ் அடக்கப்பட்டிருந்தோர் தம் பெயராலேயே எண்ணப்பட வேண்டும் எனக் கோரியதன் விளைவே இப்பெருக்கத்தில் பெரும்பகுதி எனலாம். மலைகள் மக்களைப் பிரித்து வைத்தமையால் இனங்கள் பெருகின என்னும் வழக்கமான விளக்கம் இவ்விடத்தில் போதுமானதாக இல்லை. பள்ளத்தாக்குகள் மொழிகளைப் பேணியிருக்கலாம்; இனப்பெயர்களை வரையறுத்ததில் அரசுக்கும் பெரும்பங்கு உண்டு. அப்பங்கினையும், மொழிக்கும் இனப்பெயருக்கும் உள்ள பொருந்தாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் வகுத்த அடுக்கு

கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768இல் காத்மாண்டுவைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, பல மொழி பேசும் குடிகள் ஓர் ஆட்சியின்கீழ் வந்தனர். ஜங் பகதூர் ராணா காலத்தில் 1854இல் இயற்றப்பட்ட முலுக்கி ஐன் என்னும் சட்டத்தொகுப்பு இக்குடிகள் அனைவரையும் ஒரே சாதி அடுக்கில் நிறுத்தியது. பூணூல் அணிவோர் முதல்நிலையிலும், அடிமையாக்கத் தகாத மதுவருந்துவோர் அடுத்தும், அடிமையாக்கத் தகுந்த மதுவருந்துவோர் அதன் பின்னும், நீர் கொள்ளத் தகாதோர் இரு பிரிவினராக இறுதியிலும் வைக்கப்பட்டனர். இச்சட்டத்தை விரிவாக ஆராய்ந்த ஆந்திராஷ் ஹோஃபரின் நூல் (1979) இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது.

கோர்க்காப் படையில் முன்னரே இடம்பெற்றிருந்த மகர், குருங் ஆகியோர் அடிமையாக்கத் தகாதோராயினர். தாரு, சேபாங் முதலியோர்க்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை. நேவார் மக்களோ ஓரினமாகக் கொள்ளப்படாமல் பல நிலைகளில் சிதறடிக்கப்பட்டனர். அரசுக்கு ஒருவர் எவ்வளவு பயன்பட்டார் என்பதே ‘தூய்மை’யின் அளவுகோலாயிற்று என்பதை இவ்வரிசை காட்டிக்கொடுக்கிறது.

பெயரும் மொழியும்

இன்று ஐந்து விழுக்காட்டிற்கு மேற்பட்ட மக்கள்தொகையுடைய தாமாங் இனத்தார் முன்பு மூர்மி, லாமா, போட்டே எனப் பலவாறு அழைக்கப்பட்டனர். ‘தாமாங்’ என்னும் பெயரை அரசு ஏற்றது 1932ஆம் ஆண்டு ஆணையின் வழியாகத்தான். ‘ராய்’ என்பது தலைவர்க்குக் கோர்க்கா அரசு வழங்கிய பட்டம். அதுவே பின்னர் பந்தாவா, சாம்லிங், குலுங், துலுங் எனத் தனித்தனி மொழி பேசும் கிராதக் குடிகளின் பொதுப்பெயராயிற்று. 2011இல் இக்குடிகள் பல தனியே எண்ணப்பட்டமை அப்பட்டத்தைக் களைந்த செயலாகவும் கொள்ளத்தக்கது. ‘கிழக்கத்தியர்’ என்னும் பொருளுடைய ஷெர்ப்பா என்ற இனப்பெயர் மலையேற்றத் தொழிலின் பெயராகச் சுருங்கியதும் நினைவுகூரத்தக்கதே.

தாரு மக்களிடம் நிலைமை நேர்மாறானது. தராய்ச் சமவெளியெங்கும் பரவிய இவர்கள் வட்டாரந்தோறும் வேறுபட்ட இந்தோ-ஆரியப் பேச்சுகளை உடையோர். 1950களில் தொடங்கிய மலேரியா ஒழிப்புப் பணிக்குப்பின் மலைப்பகுதியினர் பெருமளவில் கீழிறங்கிக் குடியேற, தாருக்கள் நிலமிழந்தனர். மேற்குப்பகுதியில் பலர் கமையா என்னும் கொத்தடிமை முறையில் சிக்கினர். அம்முறை 2000 ஜூலையில்தான் ஒழிக்கப்பட்டது. ஒரு மொழி இவர்களை இணைக்கவில்லை; நில இழப்பு இணைத்தது.

தராயின் திராவிட மொழியினர்

திபெத்-பர்மியம், இந்தோ-ஆரியம், ஆஸ்திரோ-ஆசியம், திராவிடம் ஆகிய நான்கு மொழிக்குடும்பங்களும், எக்குடும்பத்திலும் அடங்காத குசுண்டா மொழியும் நேபாளத்தில் வழங்குகின்றன. இவற்றுள் திராவிடத்தின் சார்பில் நிற்பது கிழக்குத் தராயில் வாழ்வோரின் குரூக் மொழியாகும். சோட்டா நாகபுரியிலிருந்து சென்ற உழைப்பாளர் வழியினர் இவர்கள். மூவிடப்பெயர்களில் ஏன், நீன், ஏம், நாம் என்னும் வடிவங்கள் இம்மொழியில் உள்ளன. யான், யாம், நாம் என்னும் பழந்தமிழ் வடிவங்களோடு இவற்றின் உறவு வெளிப்படை. கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘ஏம்’ என்னும் வேறுபாடும் பேணப்பட்டுள்ளது. கண், கை என்பவற்றின் ககரம் இங்கு ஆய்தத்தை ஒத்த உரசொலியாகிறது. தமிழில் சகரமாகத் திரிந்த ‘செவி’யின் பழைய ககரத்திற்குக் கன்னடத்தின் ‘கிவி’யைப் போலவே குரூக்கின் ‘ஃகெப்தா’வும் சான்றாகிறது.

2011 குடிக்கணக்கில் இன எண்ணிக்கையையும் தாய்மொழி எண்ணிக்கையையும் ஒப்பிடுவது பயனுடையது. மகர் இனத்தார் ஏறத்தாழ 18.9 இலட்சம், மகர் மொழியினர் 7.9 இலட்சம். நேவார் இனத்தார் 13.2 இலட்சம், நேபாள பாஷா பேசுவோர் 8.5 இலட்சம். குரூக் பேசும் இனத்தார் சற்றேறக்குறைய 37,000. அம்மொழியைத் தாய்மொழியாகத் தந்தோர் 33,000க்கு மேல். அரசுக்கும் படைக்கும் தலைநகருக்கும் அணுக்கமாக இருந்தோர் மொழியை மிகுதியாக இழந்திருக்க, வயலோரம் ஒதுக்கப்பட்டோர் பெரும்பாலும் காத்துள்ளனர். இதனைப் பெருமிதத்திற்குரிய மொழிப்பற்று என்று மட்டும் விளக்குதல் பொருந்தாது. கல்வியும் அரசுப்பணியும் எட்டாமை மொழியைக் காத்த வேலியாகவும் இருந்திருக்கக்கூடும். பள்ளி எட்டும்போது அவ்வேலி நிலைக்குமா என்பது வேறு வினா.

2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாம் உறுப்பு, நாட்டில் பேசப்படும் தாய்மொழிகள் அனைத்தும் தேசிய மொழிகளே என்கிறது. ஏழாம் உறுப்பு தேவநாகரியில் எழுதப்படும் நேபாளியை அலுவல்மொழியாக்கி, பிறமொழிகளை ஏற்கும் உரிமையை மாகாணங்களுக்கு விடுகிறது. பெரும்பான்மையரின் மொழியையே மாகாணங்கள் நாடும் என்பதால், சில மாவட்டங்களில் சிதறி வாழும் சிறுகுடிகளுக்கு இரண்டாம் வழி குறுகலானது. குரூக் மக்களுக்கு மற்றுமொரு தடையும் உண்டு. அவர்கள் இனப்பட்டியலில் ஜாங்கட் அல்லது தாங்கட், மொழிப்பட்டியலில் உராவ், திராவிட மொழியியல் நூல்களில் குரூக். நேபாளத் தரவுகளுள் ‘குரூக்’ என்று மட்டும் தேடும் திராவிடவியல் ஆய்வாளர், அவர்கள் அங்கு இல்லை என்றே முடிவுகட்ட நேரும்.