மலை நீரும் முருகைக் கல்லும்

பூனாகலை, கொஸ்லந்தை மலைகளில் பெய்யும் மழை எங்கே போகிறதென்று எண்ணியதுண்டா? தியலும நீர்வீழ்ச்சியாய் 220 மீற்றர் விழுந்து, கிரிந்தி ஓயாவில் கலந்து தென்கடலைச் சேர்கிறது.

வழியில் லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தில் வண்டல் ஓரளவு தங்கினாலும், மெல்லிய சேறும் உரச்சத்தும் கடல்வரை செல்லக்கூடும். கலங்கிய நீரில் கடற்புல்லுக்கு வெயில் எட்டாது. உரச்சத்தினால் பாசி பெருகி முருகைக் கல்லை மூடும்.

முருகை உயிருக்கு உணவளிப்பது அதனுள் வாழும் நுண்பாசியே. கடல் வழமையான கோடைச் சூட்டிலும் 1 பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால், அப்பாசி வெளியேறும். முருகை வெளுத்துப் பட்டினியால் மடியவும் கூடும். 1998இல் ஹிக்கடுவையில் இதுவே நேர்ந்தது. மீண்டும் வளரத் தெளிந்த நீர் வேண்டும்.

கடற்சூட்டை நாம் தனித்துத் தணிக்க இயலாது. ஆனால் கானில் சேர்ந்த மண்ணை மலைக்கே அள்ளிப் போடலாம். ஓடைக்கரையில் மரம் நடலாம். பெருமழைக்கு முன் உரமிடாது விடலாம். கரையிலுள்ள மீனவக் குடும்பங்களுக்கு மேட்டிலிருந்து நாம் செய்யும் உதவி இது.